உடைந்த பட்டையை எடைக்குப் போடும் முன்

பிக்கப் வண்டியின் பின்பக்கப் பட்டை (சுமை தாங்கும் ஸ்பிரிங் கட்டில் அடுக்கிய இரும்புத் தகடுகளில் ஒன்று) உடைந்து பட்டறைக்கு வந்தால் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஜாக்கி ஏறும், பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் கழலும், உடைந்த துண்டு மூலையில் கிடக்கும் பழைய இரும்போடு சேரும், புதுப் பட்டை ஒன்று அந்த இடத்தில் உட்காரும். கிளம்பும் நேரத்தில் மெக்கானிக் ஒரு யோசனை சொல்வார்: "லோடு ஜாஸ்தி ஏத்துறீங்கண்ணே, எக்ஸ்ட்ரா ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டீங்க." அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். வண்டிக்காரரும் சரி என்பார். சில மாதத்தில் அதே பக்கம், பல நேரம் அதே இடத்தில், மறுபடி உடையும். அப்போது பழி ரோட்டின் மேல் போகும், இல்லையென்றால் பட்டை விற்ற கடைக்காரர் மேல் போகும்.

இந்த எக்ஸ்ட்ரா பட்டை வைத்தியத்தோடு எனக்கு உடன்பாடு இருந்ததே இல்லை. பட்டை காரணமில்லாமல் உடையாது. எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, உடைந்த முகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் காரணம் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் துண்டைத்தான் நாம் முதல் வேலையாகத் தூக்கிப் போடுகிறோம். பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டி யானை என்று எந்த வண்டியாக இருந்தாலும் பின்பக்கம் இருப்பது அடுக்குப் பட்டைதான்; இங்கே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். தடிமனும் நீளமும் போல்ட் அளவும்தான் வண்டிக்கு வண்டி மாறும்.

வண்டியை ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா

பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது, பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று இரும்புச் சத்தம், டயர் மட்கார்டில் உரசிய கருப்புத் தடம், பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது என நான்கில் ஒன்று தெரிந்தாலும் இறங்கிக் குனிந்து பார்த்துவிட வேண்டும். சமதரையில் நிறுத்தி, லோடு இல்லாமல், சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். குட்டையான கீழ்ப்பட்டை உடைந்தால் வெறும் கண்ணுக்குச் சாய்மானம் தெரியாது. சேறு ஒட்டியிருந்தால் உடைப்பும் தெரியாது. தண்ணீர் அடித்துக் கழுவி, காய விட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் முனையிலிருந்து முனைவரை பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் காயும்போது அதிலிருந்து துருத் தண்ணீர் கசிந்து ஒரு செம்பழுப்புக் கோடு இறங்கியிருக்கும்.

எந்தப் பட்டை உடைந்தது என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு நகர்வதா என்ற முடிவு. இந்த வண்டிகளில் பட்டைக்கு இரண்டு வேலை. சுமையைத் தாங்குவது ஒன்று. ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்வது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளமான மெயின் பட்டை. அதன் முன்பக்க வளையம் சேஸில் உள்ள ஹேங்கர் என்ற பிடிப்பில் பின் போட்டுப் பூட்டியிருக்கும், பின்பக்க வளையம் ஷாக்கிள் என்ற அசையும் இணைப்பில் ஆடும். சக்கரம் தள்ளும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் சேஸுக்குப் போய்ச் சேருவது அந்த முன்பாதி வழியாகத்தான். ஆகவே மெயின் பட்டை ஆக்ஸிலுக்கு முன்னால் உடைந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரத்தைப் பிடித்து வைக்க உறுதியாக எதுவும் இல்லை. பிரேக் பிடித்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்வாங்கும், வண்டியின் பின்பாகம் தானே திரும்பும். அப்படி உடைந்த வண்டியை 5 கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. மீட்பு வண்டி வைத்துத் தூக்க வேண்டியதுதான். முன்சக்கரப் பட்டை எது உடைந்தாலும் இதே விதி. சில வண்டிகளில் இரண்டாம் பட்டையின் முனை மெயின் பட்டை வளையத்தைச் சுற்றி வளைந்திருக்கும். மெயின் உடைந்தால் ஆக்ஸில் ஒரேயடியாகப் போகாமல் தடுக்கத்தான் அந்த அமைப்பு. ஓட்டிக்கொண்டு போக அது அனுமதி ஆகாது.

கீழே உள்ள குட்டைப் பட்டை உடைந்திருந்தால் லோடை இறக்கிவிட்டு மெதுவாகப் பட்டறை வரை போகலாம். கிளம்பும் முன் உடைந்த துண்டு நழுவி பிரேக் ஹோஸிலோ டயரிலோ போய்க் குத்தாதபடி அதைக் கழற்றி எடுங்கள். எடுக்க வரவில்லை என்றால் தடித்த கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். லோடோடு போகவே கூடாது. ஒரே தடிமனுள்ள 6 பட்டையில் ஒன்று போனால் மீதி ஐந்தும் ஆளுக்கு 20 சதவீதம் கூடுதலாகச் சுமக்கின்றன. பட்டையின் ஆயுள் சுமைக்கு ஏற்ற அளவில் மட்டும் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். "ஒண்ணுதானே போச்சு" என்று ஒரு வாரம் ஓட்டியவர் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு மூன்று பட்டை போயிருக்கும்.

உடைந்த இடம் சொல்வது

துண்டைக் கையில் எடுத்து, டீசலில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடைந்த முகம் முழுதும் ஒரே நிறமாக இருப்பது அபூர்வம். ஒரு பகுதி கறுத்தோ துருப்பிடித்தோ வழவழப்பாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் கடலோர மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரியும். மீதிப் பகுதி சொரசொரப்பாக, வெள்ளிப் பளபளப்போடு இருக்கும். கறுத்தது பழைய விரிசல். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்ல வளர்ந்தது. பளபளப்பது கடைசியில் ஒரே அடியில் பிளந்தது. கறுத்த பகுதி பெரிதாகவும் பளபளப்பு சின்னதாகவும் இருந்தால், சாதாரணச் சுமையிலேயே நீண்ட நாள் விரிசலோடு ஓடியிருக்கிறது. துரு, காயம், லூஸான போல்ட் போன்ற ஏதோ ஒன்று விரிசலுக்கு வழி திறந்திருக்கிறது. கறுத்த பகுதி நகக்கண் அளவே இருந்து மற்றதெல்லாம் பளபளப்பாக இருந்தால் சுமை மிக அதிகம். சின்ன விரிசலையே தாங்க முடியாமல் போயிருக்கிறது. அலைக்கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது.

அந்தப் புள்ளி பெரும்பாலும் பட்டையின் மேல்முகத்தில்தான் இருக்கும். பட்டைக் கட்டு இரண்டு முனையும் மேலே பார்த்தபடி வளைந்திருக்கிறது. சுமை ஏறும்போது அந்த வளைவு நிமிரும். நிமிரும்போது இழுபடுவது மேல்முகம், அமுங்குவது கீழ்முகம். இரும்பு விரிசல் விடுவது இழுபடும் பக்கத்தில்தான். நல்ல கம்பெனிப் பட்டையில் அந்த மேல்முகத்தின் மேல் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடித்து, தோலை அமுங்கிய நிலையில் வைத்திருப்பார்கள். விரிசல் எளிதில் திறக்காமல் இருக்க அது பெரிய உதவி. பட்டறையில் நீளப் பட்டையை வெட்டி, வளைத்து, துளை போட்டுத் தருவதில் இந்த வேலை நடப்பதில்லை. அளவு ஒன்றாக இருந்தும் ஆயுள் ஒன்றாக இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு சிக்கல்: மெயின் பட்டையைத் தவிர மற்ற எல்லாப் பட்டையின் மேல்முகத்தையும் அதற்கு மேலுள்ள பட்டை மூடியிருக்கிறது. அதனால்தான் கட்டைப் பிரிக்காமல் "மீதியெல்லாம் நல்லா இருக்கு" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி இடத்துக்கு வருவோம். சென்டர் போல்ட் துளை வழியாகவே உடைந்திருந்தால் யு போல்ட் லூஸ். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யு போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை ஆக்ஸில் மேல் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதி ஒரே கட்டியாக நிற்கும், அங்கே வளைவு ஏறாது. துளை பாதுகாப்பாக இருக்கும். நட்டு தளர்ந்தால் வளைவு உள்ளே துளை வரைக்கும் போகிறது. துளையால் ஏற்கெனவே இரும்பு குறைந்திருக்கிறது. துளை ஓரத்தில் இழுவிசையும் இரண்டு மூன்று மடங்காகக் குவிகிறது. அங்கேதான் கிழியும். பக்கத்துச் சாட்சிகளும் இருக்கும்: பட்டைகளுக்கு நடுவே செங்கல் பொடி போன்ற துருத்தூள், தேய்ந்து மினுங்கும் தடம், வளைந்த அல்லது பாதி வெட்டுப்பட்ட சென்டர் போல்ட். சென்டர் போல்ட்டுக்குச் சுமை தாங்கும் வேலை கிடையாது. பட்டைகளை வரிசையில் பிடிப்பதும், அதன் தலை ஆக்ஸில் மேலுள்ள குழியில் உட்கார்ந்து ஆக்ஸில் நகராமல் காப்பதும்தான் அதன் வேலை. அது வெட்டுப்பட்டிருந்தால், தான் செய்யக் கூடாத வேலையை யு போல்ட்டுக்குப் பதிலாகச் செய்திருக்கிறது. இப்படி உடைந்த வண்டியில் எக்ஸ்ட்ரா பட்டை சேர்த்து என்ன பயன்? பழைய யு போல்ட்டையே மறுபடி மாட்டினால் அடுத்த பட்டையும் இதே துளையில்தான் உடையும்.

யு போல்ட்டின் விளிம்பை ஒட்டி, ஆக்ஸில் தட்டு முடியும் இடத்தில் உடைந்திருந்தால் அது வேறு. கட்டு முழுதும் அதிகம் வளைவது அங்கேதான், ஆகவே அதிகச் சுமையின் கையெழுத்து அங்கே விழும். ஆனால் சுமை என்று முடிவு கட்டும் முன் சேஸுக்கு அடியில் இருக்கும் பம்ப் ரப்பரைப் பாருங்கள். அது பிய்ந்து போயிருந்தால் பள்ளத்தில் விழும்போது பட்டை எல்லையில்லாமல் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் வளையும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வெறும் குழாயாக இருந்தால் ஒரே குலுக்கலுக்குப் பட்டை பல முறை ஆடும். இரண்டுமே முழுப் பட்டைக் கட்டைவிட மலிவான சாமான்கள்.

கீழ்ப்பட்டையின் முனை வந்து முடியும் இடத்தில் உடைந்தால் தேய்மானம். பட்டைகள் வளையும்போது ஒன்றன் மேல் ஒன்று வழுக்குகின்றன. முனை மேலே உள்ள பட்டையின் அடியில் அரைத்துக்கொண்டே இருக்கும், மண் புகுந்தால் எமரித் தாள்தான். 7 மி.மீ. பட்டையில் 1 மி.மீ. பள்ளம் விழுந்து 6 ஆனால், அந்த இடத்தில் விசை 36 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். முனையில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பேட் வைத்து வந்த கட்டாக இருந்தால் அந்தப் பேட் எங்கே போனது என்று கேளுங்கள். வளையத்தை ஒட்டி உடைந்திருந்தால் ஷாக்கிள் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும் அல்லது பின்னைச் சுற்றி வளையத்துக்குள் இருக்கும் புஷ் போயிருக்கும். ஆட வேண்டிய முனை ஆடாததால் வளையத்தின் கழுத்து முறுக்குப்படுகிறது.

கடைசியாக ஒன்று, அடிக்கடி கவனிக்காமல் போவது. விரிசல் பிறந்த புள்ளியில் ஒரு சின்ன வெல்டிங் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பாடி கட்டும்போதோ சேஸில் ஒட்டும்போதோ ஹோல்டர் ஒரு நொடி பட்டையில் பட்டால் போதும். பட்டை இரும்பில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கிறது. ஆர்க் பட்ட இடம் நொடியில் கொதித்து நொடியில் குளிர்ந்து கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அங்கிருந்து விரிசல் கிளம்பும். உடைந்த பட்டையை வெல்டு வைத்து ஒட்டக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். ஒட்டு பார்க்க உறுதியாக இருக்கும். ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி உடையும்.

நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கு வழியாக நேராகப் பின்பட்டை மேல்தான் சொட்டுகிறது. உப்பு அரித்த குழி ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் தொடக்கம். அந்த வண்டிகளில் சுமை அளவோடு இருந்தும் பட்டை நிற்காது. லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவதும், பாடியின் தண்ணீரைக் குழாய் வைத்து ஆக்ஸிலைத் தாண்டி வெளியே விடுவதும்தான் வைத்தியம்.

எக்ஸ்ட்ரா பட்டையின் கணக்கு

நியாயமாகச் சொன்னால், அதே தடிமன், அதே வளைவு உள்ள பட்டை ஒன்றைக் கூடுதலாக வைத்தால் ஒவ்வொரு பட்டைக்கும் பங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் பட்டறையில் வைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டது இல்லை. லாரிக் கட்டில் இருந்து கழித்த தடித்த பட்டையைத்தான் வெட்டி வைப்பார்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் கனத்துக்கு, அதாவது மூன்று முறை பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடும். 7 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே 10 மி.மீ. பட்டை ஒன்று வைத்தால் அது தனியாகக் கிட்டத்தட்ட மூன்று பட்டையின் சுமையை இழுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஒரே வளைவில் வளையும்போது அதன் தோலில் மட்டும் விசை 43 சதவீதம் அதிகமாக ஏறும். பலமான பட்டை என்று வைத்ததுதான் முதலில் உடையும். உடைந்ததும் அத்தனை சுமையும் ஒரே நேரத்தில் மற்றவற்றின் மேல் விழும்.

வளைவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரித்துப் போட்ட புதுக் கட்டைப் பார்த்தால் கீழே போகப் போகப் பட்டைகளின் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். சென்டர் போல்ட்டை இறுக்கும்போதுதான் அது மூடும். அந்த இறுக்கத்தால் மெயின் பட்டை சுமை ஏறும் முன்பே எதிர்த்திசையில் கொஞ்சம் வளைக்கப்பட்டு, தன் பங்கில் சலுகை பெறுகிறது. பிரேக், திருப்பம், முறுக்கு என்று மெயினுக்கு வேறு வேலைகளும் இருப்பதால் செய்த ஏற்பாடு அது. தளர்ந்து நிமிர்ந்த பழைய கட்டுக்குள் முழு வளைவோடு ஒரு புதுப் பட்டையைச் செருகினால் இந்தக் கணக்கு கலையும். புதுசு மட்டும் முன்னால் நின்று சுமக்கும். இதற்காகத்தான் கட்டு தளர்ந்திருந்தால் ஒரு பட்டை மாற்றாமல் முழுக் கட்டையும், முடிந்தால் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறேன். தளர்ச்சியை அளப்பது எளிது: இரண்டு வளையத்துக்கும் நடுவே நூல் கட்டி, நூலில் இருந்து மெயின் பட்டையின் நடு வரை அளக்க வேண்டும். இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனால் ஒரு பட்டை வேலைக்கு ஆகாது.

விறைப்பு கூடினால் வண்டி வெறுமனே ஓடும்போது பின்சக்கரம் குதிக்கும், பிரேக் பிடிப்பு குறையும். பின்பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்ப மாற்றும் வால்வு உள்ள வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். அந்த வால்வு ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் சுமையைத் தெரிந்துகொள்கிறது. எக்ஸ்ட்ரா பட்டையால் லோடோடும் வண்டி உயரமாகவே நிற்பதால் அது 'லோடு இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைந்த வண்டிக்குக் குறைந்த பிரேக். 1.7 டன் வண்டியில் பட்டை சேர்ப்பதால் ஆக்ஸிலோ பேரிங்கோ டயரோ 3 டன்னுக்கு ஆகிவிடாது. சட்டமும் பட்டையை எண்ணுவதில்லை, எடை மேடையைத்தான் பார்க்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

கழற்றுவதும் பூட்டுவதும்

வேலைக்கு முதல் நாள் சாயங்காலமே யு போல்ட் நட்டு, ஷாக்கிள் பின், ஹேங்கர் பின் எல்லாவற்றுக்கும் துரு எண்ணெய் விட்டு வையுங்கள். சமதரை, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, கியரில் வண்டி. சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். ஹேங்கருக்குப் பக்கத்தில் சேஸைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஆக்ஸிலுக்குத் தனி ஜாக்கி கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல் அடுக்கியும் படுக்கக் கூடாது, செங்கல் சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தையும் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றிய பிறகு, பட்டையில் இருந்து இழுப்பு நீங்கும் அளவுக்கு ஆக்ஸிலை இறக்குங்கள். பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் தொங்கி இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யு போல்ட் கழல மறுத்தால் கிரைண்டரால் அறுத்துவிடலாம். எப்படியும் புதுசுதான் போடப் போகிறோம். கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பட்டையின் பதம் போய்விடும்.

கட்டைக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகளை வைஸிலோ பெரிய கிளாம்பிலோ பிடித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இறுக்கம் ஒரே நொடியில் அவிழ்ந்து முகத்தில் அடிக்கும். பிரிக்கும்போதே சாக்பீஸால் ஒவ்வொரு பட்டையிலும் வரிசை எண்ணும் 'முன்' என்ற குறியும் போட வேண்டும். பல வண்டிகளில் சென்டர் போல்ட் சரியாக நடுவில் இருக்காது. திருப்பிப் போட்டால் ஆக்ஸில் நகர்ந்துவிடும்.

மீதிப் பட்டைகளைச் சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயோ டீசலோ தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துக் காய்ந்ததும் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, பட்டையைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பிக் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி அளவு ஈரக்கோடாக எழும். மேல்முகம், துளை ஓரம், யு போல்ட் விளிம்பு, முனைத் தடம் ஆகிய நான்கு இடத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். ஈரக்கோடு எழுந்த பட்டை இன்றைக்கு உடையாமல் இருந்தாலும் கழிவுதான்.

புதுப் பட்டை அகலம், தடிமன், நீளம், வளைவு நான்கிலும் ஒத்திருக்க வேண்டும். தடிமனை வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். கொல்லுலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, தண்ணீரில் முக்கித் தரும் பட்டையை வாங்காதீர்கள். இந்த இரும்பு 850 டிகிரிக்கு மேல் காய்ந்து எண்ணெயில் தோய்ந்து, அப்புறம் 400 முதல் 500 டிகிரியில் மறுபடி பதப்பட்டால்தான் ஸ்பிரிங். இரண்டாவது சூடு இல்லாவிட்டால் உடையும், முதல் தோய்ப்பு இல்லாவிட்டால் ஒரே லோடில் நிமிர்ந்து போகும். சென்டர் போல்ட், யு போல்ட், நட்டு, புஷ் எல்லாம் புதுசு. யு போல்ட் ஒரு முறை இறுகும்போது கொஞ்சம் நீண்டுவிடுகிறது, இரண்டாவது முறை அதே பிடி கிடைக்காது. பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். முனையில் ரப்பர் பேட் உள்ள கட்டுக்கு வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பழைய என்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், அது மண்ணைப் பிடித்து வைத்து அரைக்கிறது.

பூட்டும்போது சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் குழியில் விழுந்து உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே யு போல்ட் போடுங்கள். குழியின் விளிம்பில் நின்றால் இறுக்கியது போலத் தெரியும், முதல் பள்ளத்தில் லூஸாகும். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, மூன்று நான்கு சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். காற்று கன்னால் ஒரு நட்டை முழுதாக அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் கட்டு கோணலாக உட்காரும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், வண்டி மேனுவலில் உள்ள அளவுக்கு, சக்கரம் தரையில் நின்று சுமை பட்டை மேல் இருக்கும்போது. ரப்பர் புஷ் உள்ள ஹேங்கர், ஷாக்கிள் பின்களுக்கும் இதுவே முறை. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கியபடி நின்று சீக்கிரம் கிழியும்.

வெளியே எடுக்கும் முன் ஹேங்கர் பின் நடுவில் இருந்து சக்கர ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் குழியில் இல்லை, அல்லது பட்டை முன்பின் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் வண்டி ரோட்டில் கோணலாக ஓடி டயரைத் தின்னும்.

புதுப் பட்டைகளின் பெயிண்டும் மேடுபள்ளமும் அமுங்கி உட்கார 100 கிலோமீட்டராவது ஆகும். அதற்குள் யு போல்ட் தளராமல் இருக்காது. லோடோடு முதல் நடை போய்வந்ததும் அதே டார்க்கில் நான்கு நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும், 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை. பட்டறை தூரமாக இருந்தால் ரெஞ்ச் இருக்கும் எந்தக் கடையிலும் கால் மணி நேர வேலை இது. பில் வாங்கும்போதே "மறு டைட் எப்போண்ணே வரட்டும்?" என்று கேட்டு, அந்தக் கிலோமீட்டரை மீட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.